ஹனோவரில் ஆறு நிமிடம்

“வியாழன். ஹனோவர் முதன்மை ரயில் நிலையம். வண்டி வருகை 9:35. புறப்பாடு 9:41. நிற்கும் நேரம் ஆறு நிமிடம். சூட்கேஸ் நான்கு, ஆள் இருவர். அவசரமில்லை.”

பயணத்துக்கு முந்தைய நாள் மாலை என் பாக்கெட் நோட்டில் எழுதிய குறிப்பு இது. மாதம் செப்டம்பர். தேதியை மட்டும் இங்கே விட்டுவிடுகிறேன். அது எனக்கு மட்டும் சொந்தமான தேதி இல்லை; வேறொருவருடைய அரசாங்கக் காகிதத்திலும் இருக்கிறது. பெயர்களை எழுதாததற்கும் அதுதான் காரணம்.

நான் டெக்சஸில் பிளானோவில் இருபத்திரண்டு வருடங்களாக இருக்கிறேன். மென்பொருள் வேலை. வேலை இல்லாத நேரத்தில் எதையாவது குறித்து வைப்பது பழக்கம்: முதல் உறைபனி விழுந்த நாள், வாசலில் இருக்கும் ஓக் மரம் துளிர்த்த நாள், டோல்வே என்கிற கட்டணச் சாலையில் எந்த நுழைவழியை எப்போது மூடினார்கள், எப்போது திறந்தார்கள். யாரும் கேட்பதில்லை, நானும் காட்டுவதில்லை. ரயில் கால அட்டவணைகளும் அப்படித்தான் என்னிடம் சேர்ந்தன. பிளானோவில் வாழ்கிறவனுக்கு ரயிலோடு பெரிய உறவு இருக்க முடியாது. பழைய டவுன்டவுனில் லைட் ரயில் நிறுத்தம் ஒன்று இருக்கிறது. இந்தப் பயணம்வரை நான் அதில் ஏறியது நான்கு தடவை. நான்கும் நோட்டில் இருக்கின்றன.

இரண்டு வருடங்களுக்கு முன், சென்னையில் ஒரு மாதம் இருந்துவிட்டு டெக்சஸ் திரும்பும் வழியில், நானும் மனைவியும் ஹனோவரில் எட்டு நாள் தங்கினோம். என் அண்ணன் மகள் அங்கே முதுகலை முடித்திருந்தாள். பேட்டரி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, அக்டோபர் முதல் தேதி சேர வேண்டும். மாணவியாக இருப்பதற்கான அனுமதி செப்டம்பரோடு முடிகிறது. வேலை செய்யும் அனுமதிக்கு நகர அலுவலகத்தில் நேரில் போய்க் காகிதங்களைக் கொடுக்க வேண்டும். அதற்கான நேரம் கேட்டு நான்கு மாதம் காத்திருந்து கிடைத்தது, நாங்கள் பிராங்பர்ட்டில் விமானம் பிடிக்க ரயிலில் கிளம்பும் அதே வியாழக்கிழமை, காலை 11:20. அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் அந்தக் காகிதங்களை ஊதா நிற ஃபைலில் போட்டு, அந்த எட்டு நாளும் குளியலறைக்குப் போகும்போதுகூடக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருந்தாள். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. கிரீன் கார்டு வருவதற்கு முந்தைய பதினோரு வருடங்களில் நானும் அப்படி ஒரு ஃபைல் வைத்திருந்தேன். என்னுடையது பச்சை.

பகலில் அவள் ஓடிக்கொண்டிருப்பாள், மனைவி அவளுக்குச் சமைத்து ஃப்ரீசரில் அடுக்குவாள். நான் டிராம் பிடித்து ரயில் நிலையத்துக்குப் போய்விடுவேன். “ஐயா ஆபீஸ் கிளம்பிட்டார்” என்பாள் மனைவி. உண்மையில் ஆபீஸ் மாதிரிதான் போனேன், ஒன்பது மணிக்கு, நோட்டோடு.

அந்த நிலையத்தில் என்னை முதலில் நிறுத்தியது, கதவு என்று ஒன்று இருந்தும் தடுப்பு என்று ஒன்றும் இல்லாதது. பிளாட்பார்ம் டிக்கெட் இல்லை, பரிசோதகர் இல்லை, விமான நிலையம் போல் பெல்ட்டைக் கழற்றச் சொல்வதில்லை. தெருவிலிருந்து நடந்து, நேராக வண்டி நிற்கும் இடம்வரை போகலாம். வாசலில் பழைய அரசர் ஒருவர் குதிரைமேல் இருக்கிறார். ஊர்க்காரர்கள் சந்திக்க நேரம் குறித்தால் ‘வாலுக்குக் கீழே’ என்கிறார்களாம்; அரசரை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நிலையத்துக்கு அடியில், நகரத்தின் மையத்திலிருந்து வந்து மறுபக்கம் வெளியேறும் கடைத்தெரு ஒன்று ஓடுகிறது. அதற்கும் கீழே நிலத்தடி டிராம்கள். பின்பக்கம் வெளியூர்ப் பேருந்துகள். விமான நிலையத்துக்குப் போகும் உள்ளூர் ரயிலும் மற்ற வண்டிகளுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. ஒரு முதியவர் கைத்தடியோடு ரயிலிலிருந்து இறங்கி, லிஃப்ட் பிடித்து, டிராமில் ஏறுவதை மேலேயும் கீழேயுமாகப் பின்னாலேயே போய்ப் பார்த்தேன், மொத்தம் நாலரை நிமிடம்தான் ஆனது. எங்கள் ஊரில் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்ட பெரியவர்கள் கோவிலுக்குப் போகப் பிள்ளைகளின் சனிக்கிழமைக்குக் காத்திருப்பதை நினைத்துக்கொண்டேன்.

தடங்களை எண்ணியபோது நான்குக்கு அடுத்து ஏழு வந்தது. ஐந்தும் ஆறும் எங்கே என்று ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேடினேன். கடைசியில் புரிந்தது: அவை நடைமேடை இல்லாத தடங்கள், நிற்காமல் போகும் வண்டிகளுக்கானவை. அன்று மாலை இதைச் சொன்னபோது மகள் (அண்ணன் மகளை அப்படித்தான் சொல்வேன்), மூன்று வருடமாகத் தினமும் அந்த வழியாகப் போகிறவள், “நிஜமாவா?” என்று கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள். அதற்காகவே அவளைப் பிடிக்கும்.

வழியனுப்ப வர வேண்டாம் என்று புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது நானே சொன்னேன். அவளுக்கு அலுவலகம் இருக்கிறது, நிம்மதியாகப் போகட்டும். அவள் கேட்கவில்லை. நான்கு சூட்கேஸ், ஒவ்வொன்றும் இருபத்துமூன்று கிலோ, சென்னையிலிருந்து வடாமும் எவர்சில்வரும் புடவையுமாக வருபவை. நீங்கள் இரண்டு பேரும் எப்படி ஏற்றுவீர்கள் என்றாள். வண்டி போனதும் 9:41, அலுவலகம் டிராமில் பத்து நிமிடம், ஒரு காபி குடித்துவிட்டுப் போனாலும் நேரம் மீதி என்று கணக்குச் சொன்னாள். அது சரியான கணக்குதான். அதில் பிழை எதுவும் இல்லை.

பிழை என்னுடைய கணக்கில் இருந்தது. வண்டி 9:35க்கு வரவில்லை, 9:39க்கு வந்தது. தாமதம் நான்கு நிமிடம் என்று நோட்டில் எழுதினேன். அந்த நான்கு நிமிடம், நிற்கும் ஆறு நிமிடத்திலிருந்துதான் போகும் என்பதை எழுதவில்லை, நினைக்கவும் இல்லை. எழும்பூரில் வண்டி தாமதமாக வந்தாலும் எல்லோரும் ஏறி முடிக்கும்வரை நிற்கும், விசில் ஊதும், பிறகு மெதுவாக உருளும். வழியனுப்ப வந்தவர்கள் சாமானை சீட்டுக்கு அடியில் தள்ளி, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, கொஞ்ச நேரம் அந்த சீட்டிலேயே உட்கார்ந்து பேசிவிட்டு, வண்டி நகர்ந்த பிறகு இறங்குவார்கள். இருபத்திரண்டு வருடம் டல்லாஸ் விமான நிலைய வாசலில் எஞ்சினை அணைக்காமல் உறவினர்களை இறக்கிவிட்டுப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் ரயில் என்றதும் மூன்று பேருக்கும் எழும்பூர்தான் உடம்பில் இருந்தது.

நான்கு சூட்கேஸையும் ஏற்றிவிட்டோம். மகள் கடைசியாக உள்ளே வந்து ஒன்றை இடுக்கில் செருகினாள். இறங்கப் போனவள் திரும்பி வந்தாள்.

“சித்தப்பா, சித்தி, ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க. பிளாட்பாரத்துல பண்ணா எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பாங்க. இன்னிக்கு அப்பாயின்ட்மென்ட் நல்லபடியா முடியணும்.”

ஆசீர்வாதம் வாங்கத்தான் திரும்பியிருக்கிறாள். மனைவிக்கு அது சரியாகப் படவில்லை போல, “இறங்கும்மா முதல்ல” என்றாள். நான்தான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“இருக்கட்டும். ஆறு நிமிஷம் நிக்கும். எழுதி வச்சிருக்கேன்.”

இரண்டு சீட்டு வரிசைகளுக்கு நடுவில் அவள் குனிந்து எங்கள் கால்களைத் தொட்டாள். மனைவி அவள் தலையில் கை வைத்து, வழக்கமாகச் சொல்வதைவிடக் கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். எங்கேயோ மூன்று முறை பீப் ஒலி கேட்டது. அவள் நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே கடிகாரம் ஒன்று பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. 9:41. அவள் கதவுவரை ஓடினாள். கதவைத் திறக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றாள்.

அடுத்த நிறுத்தம் கோட்டிங்கன், முப்பத்தைந்து நிமிடத்துக்கு அப்பால்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அலுவலகத்துக்கு போன் செய்தாள். பதிவு செய்த குரல் பேசியது. மறுபடி செய்தாள். மின்னஞ்சல் எழுதினாள். அதற்கும் தானியங்கிப் பதில் வந்தது. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண் பரிசோதகர் வந்தார். மகள் ஜெர்மனில் நடந்ததைச் சொன்னாள். குனிந்து காலைத் தொடும் இடத்தில் கையால் காட்டவும் செய்தாள். பரிசோதகர் எங்களையும் நான்கு சூட்கேஸையும் பார்த்தார். டிக்கெட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தன் கருவியில் தேடி, கோட்டிங்கனில் 10:24க்கு ஹனோவர் திரும்பும் வண்டி இருக்கிறது, 10:58க்குப் போய்விடும் என்று சொல்லி, அந்த வண்டிப் பரிசோதகரிடம் காட்ட ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

“என்னம்மா சொல்றாங்க?” என்று மனைவி கேட்டாள்.

“அடுத்த தடவை வீட்டிலயே வாழ்த்திட்டு வாங்கன்னு சொல்றாங்க.”

மனைவி சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மதியத்துக்கு என்று கட்டியிருந்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைப் பிரித்து, வெறும் வயிற்றோடு ஓடாதே என்று கொடுத்தாள். மகள் ஃபைலை மடியில் வைத்து, அதன்மேல் எண்ணெய் படாமல் இருக்க என் செய்தித்தாளை விரித்து, இரண்டு இட்லி சாப்பிட்டாள். எதிர் சீட்டுக்காரர் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வழியனுப்ப வந்தவளையே கூட்டிட்டுப் போறீங்க. அப்படியே பிளானோவுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க சித்தப்பா.”

“விசா?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“அது எங்க போனாலும் அதே கதைதானே.”

நான் நோட்டைத் திறந்து அவளுக்கு வழி எழுத ஆரம்பித்தேன். 10:58க்கு இறங்கினால் எந்தப் படிக்கட்டில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்பினால் டிராமுக்கு இறங்கும் எஸ்கலேட்டர், எந்த நடைமேடை. எட்டு நாள் ஆபீஸ் போனதில் எனக்கு எல்லாம் தெரியும். அவள் சாய்ந்து படித்தாள். மூன்று வருடமாக அங்கே வாழ்பவள், ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லவில்லை. தாளைக் கிழித்துத் தரச் சொல்லி வாங்கி ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள். நான் அவளிடம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் அவள் ஜன்னலுக்கு வெளியே எதையாவது காட்டினாள்.

கோட்டிங்கனில் கதவு திறந்தவுடன் இறங்கி ஓடினாள். திரும்பிப் பார்த்துக் கை காட்டவில்லை. அதை நான் நல்லதாக எடுத்துக்கொண்டேன். எங்கள் வண்டி 10:18க்குக் கிளம்பியது. 10:26க்கு அவளிடமிருந்து ஒரு சொல் வந்தது: “ஏறிட்டேன்.” அதன்பிறகு ஒன்றும் இல்லை. மனைவி 11:20 ஆகும்வரை வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். பிராங்பர்ட் நெருங்கும்போது, 11:52க்கு, அடுத்த செய்தி வந்தது: “முடிஞ்சுது சித்தப்பா. எல்லாம் நல்லபடியா. நீங்க நிம்மதியா ஃப்ளைட் ஏறுங்க.”

நாங்கள் நிம்மதியாக ஏறினோம்.

பிளானோ திரும்பிய பின் வந்த இரண்டாவது சனிக்கிழமை, பயணக் குறிப்புகளைப் பெரிய நோட்டில் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு வண்டியின் உண்மையான வருகை நேரத்தையும் எழுதுவது என் வழக்கம். ஜெர்மனியில் ரயில் பிரியர்கள் சிலர் எல்லா வண்டிகளின் தாமதத்தையும் சேமித்து வைக்கும் இணையதளம் ஒன்று இருக்கிறது. எங்கள் வண்டியைச் சரிபார்த்தேன். பொருந்தியது. பிறகு, முழுமைக்காக, மகள் திரும்பிப் போன வண்டியைத் தேடினேன். கோட்டிங்கனில் ஒரு நிமிடத் தாமதத்தோடு புறப்பட்டிருக்கிறது. வழியில் எங்கோ நின்றிருக்கிறது. ஹனோவரில் வந்து சேர்ந்த நேரம் 11:34.

மூன்று முறை பார்த்தேன். நாளை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று முந்தைய நாளையும் அடுத்த நாளையும் பார்த்தேன். அவற்றில் வண்டி நேரத்துக்கு வந்திருந்தது. 11:34க்கு இறங்கியவள் எவ்வளவு ஓடினாலும் 11:50க்கு முன் அந்த அலுவலகத்துக்குள் இருக்க முடியாது. 11:20க்கு நேரம் குறித்தவள் 11:52க்கு ‘முடிஞ்சுது’ என்று எழுத முடியாது.

சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். வார இறுதிக்குக் கல்லூரியிலிருந்து வந்திருந்த எங்கள் பெண் சீரியல் கிண்ணத்திலிருந்து தலையை எடுக்காமல், “ஜஸ்ட் ஆஸ்க் ஹெர், அப்பா. இட்ஸ் ஒன் டெக்ஸ்ட்” என்றாள். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

“கேட்டா அவ நிஜத்தைச் சொல்லணும். சொல்ல வேணாம்னுதானே அவ்வளவு பாடுபட்டு அப்படி எழுதியிருக்கா. நீங்க உங்க நோட்டுக்காகக் கேப்பீங்களா?”

நோட்டுக்காக இல்லை என்றேன். அக்டோபரில் அண்ணனிடம் போனில் சுற்றி வளைத்து விசாரித்தேன். வேலையில் சேர்ந்துவிட்டாள், பிஸியாக இருக்கிறாள் என்றார். முதல் தேதியே சேர்ந்தாளா என்றதற்கு, அந்த வாரம்தான் என்று நினைக்கிறேன், ஏன் கேட்கிறாய் என்றார். சும்மா என்றேன். நவம்பரில் அவள் புது அனுமதி அட்டையின் படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டாள். ஒரு பக்கம் மட்டும்; எந்த நாள் விண்ணப்பித்தாள் என்பது அதில் தெரியவில்லை. எல்லோரும் கை கூப்பிய பொம்மைகளை அனுப்பினார்கள், நானும் அனுப்பினேன்.

அடுத்த வருடம் டிசம்பரில் பத்து நாள் விடுமுறையில் பிளானோ வந்தாள். அவளுக்கு எங்கள் லைட் ரயிலைப் பார்க்க வேண்டுமாம். ஒரு ஞாயிறு மத்தியானம் கூட்டிப்போனேன். நிறுத்தத்துக்குக் காரில்தான் போனோம், அதற்கு அவள் போதுமான அளவு கேலி செய்தாள். நடைமேடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அடுத்த வண்டிக்குப் பதினான்கு நிமிடம். ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அன்னிக்கு நான் கணக்கைத் தப்பா போட்டுட்டேன்மா. லேட்டா வர்ற வண்டி ஆறு நிமிஷம் நிக்காது. எனக்கு அது தெரிஞ்சிருக்கணும்.”

அவள் தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

“எனக்கு கார்டு வந்துச்சா இல்லையா சித்தப்பா?”

“வந்துச்சு.”

“வேலையில இருக்கேனா?”

“இருக்கே.”

“அப்ப ஆசீர்வாதம் வேலை செஞ்சிருக்கு. கணக்கை விடுங்க.” பிறகு, “சித்தி கிட்டயும் சொல்லிடுங்க, அவங்கதான் ரொம்ப நேரம் கையை வச்சிருந்தாங்க, அதை நினைச்சு நினைச்சு இருப்பாங்க” என்றாள்.

மனைவி அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அன்றிரவு மகளுக்குப் பிடித்த எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தாள்.

பெரிய நோட்டில் அந்த வியாழக்கிழமைக்கான பக்கத்தை இப்படி முடித்திருக்கிறேன். திரும்பிய வண்டி ஹனோவர் வந்த நேரம் 11:34: ஒரே ஒரு ஆதாரம், ரயில் பிரியர்கள் வைத்திருக்கும் பதிவு, அது தவறாகவும் இருக்கலாம். அவள் அந்த வண்டியில்தான் ஏறினாள் என்பது அவள் அனுப்பிய ஒற்றைச் சொல்லிலிருந்து நான் ஊகித்தது. அன்று தாமதமாகப் போனவளை யாரோ ஒருவர் உள்ளே விட்டாரா, அல்லது வாசலில் நின்றபடியே அந்தச் செய்தியை எழுதிவிட்டு, எங்களுக்குத் தெரியாமல் வேறொரு நாள் மறுபடி வரிசையில் நின்றாளா என்பது சரிபார்க்கப்படவில்லை.